உப்பு ஐஸில் வைத்த ஊசி

தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீ கடைசி வரி வரைக்கும் அதைத்தான் தேடிக்கொண்டு போவாய். புதுக் கட்டி எதுவும் இல்லை, காய்ச்சல் இல்லை, போன மாதம் பாண்டிச்சேரியில் எடுத்த ஸ்கேனும் சுத்தமாக இருந்தது. ஆனால் சில நாட்களாக எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புளியைக் கரைத்து வைத்துவிட்டு எதற்குக் கரைத்தேன் என்று நிற்கிறேன். போனில் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். நீ "என்னம்மா" என்றதும் பெங்களூரில் மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நம் ஊரில் பிரான்சுக்குப் போகிறவர்கள் மாமன் மச்சானைத் தேடித்தான் போவார்கள். என் பிள்ளை ஒருத்தன்தான் ரத்தத்தைப் பற்றிப் படிக்கப் போகிறான் என்று நம் கருக்களாச்சேரி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். நீ விமானம் ஏறுவதற்குள் இந்த விஷயம் உனக்குத் தெரிந்தாக வேண்டும்.

செல்வியை உனக்கு நினைவிருக்கும். நம் தெருக்கோடியில் வலை பின்னுகிற மாரியின் பெண்டாட்டி. எனக்கு வந்த அதே மார்புக் கட்டி அவளுக்கும் வந்திருக்கிறது. கட்டியை எடுத்துவிட்டு மருந்து ஏற்றுகிறார்கள், மருந்து ஏற்றினால் ரத்தத்தில் வெள்ளணு விழுந்துவிடுகிறது, அதைத் தூக்கிவிட எனக்குப் போட்ட அதே ஊசியை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மாரி ஊசிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நேராக உங்கப்பாவிடம் வந்து நின்றான். "அண்ணே, அண்ணிக்குப் போட்ட மாதிரியே எங்களுக்கும் ஒரு ஐஸ் பெட்டி போட்டுக் குடுங்க. எங்க வீட்டு பிரிட்ஜு பேருக்குத்தான் ஓடுது" என்றான். அதைக் கேட்டதும் உங்கப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "இதுக்கு ஏன்டா மூஞ்சியத் தொங்கப் போட்டுகிட்டு வர்ற, நான் எதுக்கு இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே மீனுக்கு ஐஸ் போடுகிற நம் புது ஷெட்டுக்குப் போய் ஐஸ் உடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் உனக்குப் போன் போட்டேன். ஊசியை வயிற்றில் போடுவதா, கையில் போடுவதா என்று செல்வி கேட்டிருந்தாள், அதை மட்டும் கேட்கத்தான். நீ பதில் சொல்லிவிட்டு, வைக்கப் போகிற நேரத்தில் சாதாரணமாகச் சொன்னாய். "அம்மா, இன்னொண்ணு. பிரிட்ஜ்ல கீழ்த்தட்டுல வைக்கச் சொல்லு. மேல ஐஸ் அறைகிட்ட வேணாம், ஒறைஞ்சிடக் கூடாது." ஒறைஞ்சா என்னடா என்று கேட்டேன். "ஒரு தடவ தெரியாம ஒறைஞ்சா கூடச் சமாளிக்கலாம். ஒறைஞ்சு, உருகி, மறுபடி ஒறைஞ்சுதுன்னா அதுல இருக்குற மருந்து சுருண்டு போயிடும்மா. அப்பறம் அது வெறும் தண்ணி." யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி நீ போனை வைத்துவிட்டாய். எனக்கு ரிசீவரை வைக்கத் தோன்றவில்லை. வெளியே உங்கப்பா ஐஸ் பாரைக் கட்டையால் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தலையில் யாரோ அந்தக் கட்டையாலேயே ஓங்கிப் போட்ட மாதிரி இருந்தது எனக்கு.

உனக்கு இன்னும் புரிந்திருக்காது, ஏனென்றால் நீ அப்போது இங்கே இல்லை. எனக்கு மருந்து ஏற்றிய காலத்தில் நீ பெங்களூரில் பரீட்சையில் மூழ்கிக் கிடந்தாய். முதல் தடவை ஏற்றியதுமே வெள்ளணு விழுந்தது. அடுத்த தடவைக்கு இந்த ஊசியை நாளுக்கு ஒன்றாகப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அதற்காகத் தினமும் பாண்டிச்சேரி பஸ்ஸில் போய்வர என் உடம்பு தாங்காது என்று ஊசியை மொத்தமாக வாங்கி வந்தோம், பக்கத்தில் தலத்தெருவிலிருந்து ஒரு நர்ஸம்மா வந்து போட்டுவிட்டுப் போவார்கள். குளிரில் வையுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். உங்கப்பா அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். குளிரில் வைப்பதை அவருக்கு யாராவது கற்றுத்தர வேண்டுமா? நம் வீட்டில் உலை கொதிப்பதே அந்த ஐஸ் ஷெட்டால்தான். தன் ஐஸில் வைத்த வஞ்சிரம் கேரளாவில் இறங்கும்போதும் கண் வெளுக்காது என்று சொல்லிச் சொல்லியே மீசையை முறுக்குகிற மனிதர் அவர்.

பிரிட்ஜை அவர் நம்பவில்லை. கரண்ட் போனால் என்ன செய்வாய், ஆளாளுக்குக் கதவைத் திறந்து மூடுகிறீர்கள் என்று சத்தம் போட்டுவிட்டு, ஷெட்டில் எனக்கென்று ஒரு தெர்மாகோல் பெட்டி ஒதுக்கினார். தூளாக உடைத்த ஐஸ், அதன் மேல் ஒரு கை கல்லுப்பு, நடுவில் பாலிதீன் பையில் ஊசிக் குப்பிகள். வெறும் ஐஸை விட உப்புப் போட்ட ஐஸ் இன்னும் குளிரும். தூரத்து லாரியில் ஏற்றுகிற உசத்தியான மீனுக்குத்தான் அவர் உப்புப் போடுவார், எனக்கும் அந்த மரியாதை கிடைத்தது. தினமும் சாயங்காலம் ஒரு குப்பியைக் கொண்டுவருவார், உள்ளே இருப்பது கல் மாதிரி உறைந்திருக்கும். என் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அதை வைத்து உருட்டிக்கொண்டே அன்றைக்கு என்ன மீன் பட்டது, யார் யாரோடு சண்டை போட்டான் என்று கதை சொல்வார். நர்ஸம்மா வருவதற்குள் அது உருகித் தண்ணீராகியிருக்கும். பகலில் பெட்டி ஐஸ் கரைந்ததும் மற்றக் குப்பிகளும் உருகும், புது ஐஸும் உப்பும் போட்டதும் மறுபடி இறுகும். நடுவில் ஒரு குப்பி விரிசல் விட்டது. பஸ்ஸில் குலுங்கி வந்ததால்தான் என்று பாண்டிச்சேரி பஸ் டிரைவரை வாய்க்கு வந்தபடி திட்டினோம்.

நீ ஒரு நாள் போனில் கேட்டாய், "அப்பா, ஊசிய பிரிட்ஜ்லதானே வச்சிருக்கீங்க?" என்று. "பிரிட்ஜ விட நல்ல எடத்துல பத்திரமா இருக்குடா, நீ ஒழுங்காப் படி" என்றார். நீயும் நம்பிவிட்டாய். ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பாய். உன் மேல் தப்பு சொல்ல ஒன்றுமில்லை, அவர் பொய்யும் சொல்லவில்லை. அதைவிட நல்ல இடம் உலகத்தில் இல்லை என்றுதான் அவரும் நம்பினார், நானும் நம்பினேன்.

வெள்ளணு ஏறவே இல்லை. காய்ச்சல் வந்தது, வாயெல்லாம் புண், கடைசியில் நினைவு தப்பி என்னைப் பாண்டிச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நீ பரீட்சையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்து கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாய். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். பிழைத்துவிட்டேன். ஆனால் பெரிய டாக்டர் உன்னைக் கூப்பிட்டு, இந்த அம்மாவின் எலும்பு மஜ்ஜை ஊசிக்குக் கட்டுப்படவில்லை, இனி மருந்து ஏற்றுவது ஆபத்து என்று சொல்லி, பாக்கி இருந்ததை நிறுத்திவிட்டார். மற்றவர்களுக்கு வேலை செய்கிற மருந்து எனக்கு மட்டும் வேலை செய்யாது, திரும்ப வந்தால் என்னைக் காப்பாற்ற ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டேதான் இத்தனை வருஷமும் இருந்தேன். உன் கல்யாணப் பேச்சை நான் அவசரப்படுத்தியதும் அதனால்தான். நீ என் மேல் எரிந்து விழுந்தாயே, அப்போது இதைச் சொல்லத் தோன்றவில்லை.

நீயோ வேறு ஏதோ படிக்கப் போனவன், அதை விட்டுவிட்டு ரத்தத்தில் வந்து விழுந்தாய். போன பொங்கலுக்கு வந்தபோது மொச்சை உரித்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய். எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜைதான் ரத்த அணுவைப் பெற்றுப் போடுகிறது, ஆனால் அது தானாகப் பெறாது, பெருகு என்று யாராவது சொல்ல வேண்டும், அப்படிச் சொல்கிற பொருளுக்கு வளர்ச்சிக் காரணி என்று பெயர், ஊசியில் இருப்பது அதுதான் என்றாய். "ஒன்னோட செல்ல எடுத்து லேப்ல கிண்ணத்துல போட்டு அந்த மருந்த விட்டா, கடகடன்னு பெருகுதும்மா. சொன்ன பேச்சு கேக்குது. ஒன் ஒடம்புக்குள்ள மட்டும் ஏன் கேக்கல? அந்தப் புத்துக்கட்டி ஏதோ ஒரு சாமானச் சொரந்து அதோட வாயப் பொத்திருக்கு. அது என்னன்னு மட்டும் கண்டுபிடிச்சிட்டேன்னா எத்தன பேர் பொழைப்பாங்க தெரியுமா?" என்று கேட்டாய். உன் கண்ணில் அப்போது இருந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, நான் நோயில் விழுந்ததுகூட ஒரு காரணத்துக்காகத்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தச் சாமானைத் தேடி நீ இப்போது பிரான்சுக்குப் போகிறாய்.

தம்பி, அப்படி ஒரு சாமான் என் உடம்பில் இல்லை. என் மஜ்ஜை எந்தப் பேச்சையும் மீறவில்லை, அதன் காதுக்கு எந்தப் பேச்சும் போய்ச் சேரவே இல்லை. நாளுக்கு ஒரு ஊசியாக எனக்குள் போனது வெறும் தண்ணீர். கிண்ணத்தில் கேட்டது ஏன், உடம்பில் கேட்காதது ஏன் என்று நீ தலையை உடைத்துக்கொண்ட கேள்விக்கு விடை நம் பழைய ஷெட்டில் உப்புப் போட்ட ஐஸில் கிடந்தது. அந்த ஷெட்டும் சுனாமியில் போய்விட்டது, இப்போது இருப்பது அதற்குப் பிறகு கட்டியது, பழையதைக் காட்டலாம் என்றால் ஒரு செங்கல்கூட மிச்சமில்லை. ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா, சிரித்தேன். பைத்தியம் பிடித்த மாதிரி சிரிப்பு வந்தது. அப்புறம்தான் ஓடிப்போய், உறைவதற்குள் மாரியின் குப்பிகளை உங்கப்பாவின் ஐஸ் பெட்டியிலிருந்து பிடுங்கி எடுத்து, நம் வீட்டு பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். நீதான் அப்படி வைக்கச் சொன்னாய் என்றேன். "அவன் கெடக்கான், கரண்ட் போனா அவனா வந்து விசிறுவான்" என்று உங்கப்பா கத்தினார். இனிமேல் செல்வி இங்கே வந்துதான் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். உனக்குத் தெரிந்தால் உன் வேலை என்ன ஆகும், அவருக்குத் தெரிந்தால் அவர் என்ன ஆவார் என்று பயந்தேன். நான் உயிரோடுதானே இருக்கிறேன், போனது போகட்டும், நீ போய்த் தேடு, தேடுகிற இடத்தில் வேறு ஏதாவது நல்லது கிடைத்தாலும் கிடைக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் செல்விக்கு ரத்தம் பார்த்துவிட்டு மாரி வாசலிலிருந்தே கூவிக்கொண்டு வந்தான். "அண்ணி, ஏறிடுச்சு. டாக்டரே சிரிச்சிட்டாரு." உங்கப்பா என்னைப் பார்த்து, பாசமாகத்தான், "பாத்தியா, அவளுக்கு ஏறுது. ஒனக்குத்தான் எதுக்கும் மசியாத ஒடம்பு" என்றார். அதை என்னால் தாங்க முடியவில்லை. மாரி போகட்டும் என்று காத்திருந்தேன், அவன் படி இறங்கியதும் வாயிலிருந்து வந்துவிட்டது.

"என் ஒடம்புல ஒண்ணும் இல்லங்க. நீங்க வச்ச ஐஸ்தான்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நீ சொன்னதை அப்படியே சொன்னேன். "கெட்டுப் போகக் கூடாதுன்னுதானேடி வச்சேன்" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார், ஒவ்வொரு தடவையும் குரல் இறங்கிக்கொண்டே போனது. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, வந்ததை ஏன் மறைக்க வேண்டும்? ஒரு வார்த்தை அந்த நர்ஸம்மாவைக் கேட்டிருந்தால் என்ன, மீனும் மருந்தும் ஒன்றா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். "அப்ப தம்பி தேடிகிட்டிருக்குற அந்தச் சாமான்?" என்று கேட்டார். அப்படி ஒன்று இல்லைங்க என்றேன். தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். "இந்தக் கையாலதானே உருட்டுனேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஷெட்டுக்குப் போகவில்லை. வியாபாரிகள் வந்து வந்து திரும்பிப் போகிறார்கள். எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டுமென்றால்கூட, "நீயே எடுத்துக்க" என்கிறார். மாத்திரையை எடுத்துத் தரமாட்டேன் என்கிறார். முன்பெல்லாம் என் மாத்திரைகளை உள்ளங்கையில் வரிசையாக வைத்துக்கொண்டு என் பின்னாலேயே சுற்றுகிற ஆள். இப்போது என் கட்டில் பக்கமே வருவதில்லை. நான் செத்துப்போயிருந்தால் இந்த மனிதரும் பின்னாலேயே வந்திருப்பார் என்று எனக்குத் தெரியும், ஆனால் நான் உயிரோடு இருக்கும்போதே இப்படி ஆகிவிடுவார் என்று நினைக்கவில்லை.

நேற்றுக் காலையில் அவராகவே வந்து நின்றார். "தம்பிகிட்ட சொல்லிட்டியா?" என்றார். இல்லை என்றேன். "சொல்லணும்டி. சரக்கு கெட்டுதுன்னா வாங்குனவனுக்கு நாமதான் மொதல்ல சொல்லணும்." உனக்கு நினைவிருக்கிறதா, நீ பள்ளிக்கூடம் படிக்கும்போது ஒரு தடவை திருச்சிக்குப் போன லாரி வழியில் பழுதாகி ஐஸ் கரைந்துவிட்டது. மீன் போய்ச் சேர்ந்துவிட்டது, வாங்கியவர் ஒன்றும் சொல்லவில்லை. இவரே கோட்டுச்சேரி கடைத்தெருவுக்குப் போய்ப் போன் போட்டு, அதை விற்காதே, கொட்டிவிடு, நான் வேறு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அவருக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை. உனக்கும் நான் அதைத்தான் சொல்ல வேண்டும். உன் ஆராய்ச்சியின் அடியில் கிடக்கிற மீன் கெட்டது. பிரான்சில் உன்னைக் கூப்பிட்டிருக்கிற பெரியவரிடம் நீயே முதலில் சொல்லிவிடு. கூச்சமாக இருக்கும், இருக்கட்டும். வராதே என்று அவர் சொன்னால், நம் வீடு இங்கேதான் இருக்கிறது. என்னைத் தவிர இன்னும் சிலருக்கும் இப்படி ஏறவில்லை என்று நீ சொன்னாய். எனக்கு உன் படிப்பு தெரியாது, அவர்களுக்கெல்லாம் உண்மையிலேயே அந்தச் சாமான் இருக்கலாம். ஆனாலும் அவர்கள் ஊசியை எங்கே வைத்திருந்தார்கள் என்று ஒரு தடவை கேட்டுவிடு.

இதைத் தபாலில் போட உங்கப்பா விடவில்லை. நேரில் போய்த்தான் சொல்லுவேன் என்று பெங்களூர் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், நானும் வருகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றுவிட்டார். ஆனால் உன் முன்னால் வந்து நின்றால் அவருக்குப் பேச்சு வராது, எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவையும் எழுதி அவர் சட்டைப் பையில் வைக்கிறேன். இதை உன்னிடம் நீட்டிவிட்டு, நீ படிக்கப் படிக்க உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். இப்போதும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார். உனக்குக் கோபம் வந்திருந்தால் அதை அப்படியே வைத்திருந்து எனக்குப் போன் போட்டுக் கொட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்கிறேன். அவரிடம் வேண்டாம். அவர் பையில் புளிச்சோறும் கருவாட்டு வறுவலும் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அதை நீயாக எடுக்காதே. "அப்பா, நீங்க எடுத்துக் குடுங்க" என்று கேள். மாட்டார், கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார். நீ கை நீட்டியபடியே இரு.

அம்மா